குடியாத்தம் வராத தண்டவாளம்

சின்ன வயதில் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பேன். சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை தண்ணீர் குடிக்க வெளியே போய் வருவேன். ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓடிய குட்டி ரயில் ஒன்றுதான் என்னைக் கொஞ்சமாவது நிறுத்தி வைத்தது. அதுவும் ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்காது.

அந்த ரயில் என் மாமாவுடையது. அம்மாவுக்குத் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை. புது மாடல்களுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டுகிறவர். கம்பெனியில் கழித்துப் போட்ட லெதர் போர்டு எங்கள் மாடியில் ஸ்டேஷன் கட்டடமாகும். பச்சைத் தோல் துணுக்குகள் மலையில் புல்லாகும். ஷூவில் லேஸ் கோர்க்கிற வளையம் சிக்னல் விளக்காகும். ஆர்டர் விஷயமாக வந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர், இவருடைய பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, அடுத்த முறை வரும்போது விரல் நீளத்துக்கு ஓர் எஞ்சினும் தண்டவாளத் துண்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு பிளைவுட் பலகையின்மேல் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு ரயில் போக ஆரம்பித்தது. "வேகமா வுடு மாமா" என்று நான் பலகையைத் தட்டுவேன். "ஸ்டேஷன் வருதுல்ல, மெதுவாத்தான் போவணும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருடைய இன்னொரு பைத்தியம் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, பேரணாம்பட்டு வரை மிதித்துப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். காலை ஆராதனைக்குப் பதிலாகச் சாயங்கால ஆராதனை. லீவு நாட்களில் நானும் என் சிவப்பு சைக்கிளில் பாதி தூரம் கூடப் போவேன். முப்பத்திரண்டு வயது ஆள், மோட்டார் சைக்கிள் வாங்க வசதியுள்ள ஆள், ஒரு வேலையும் இல்லாமல் எதற்காக இவ்வளவு தூரம் மிதிக்கிறார் என்பது எங்கள் தெருவை வருஷக்கணக்கில் வாட்டிய கேள்வி. நேரில் கேட்டால் "சும்மாதான்" என்பார். அதை யார் நம்புவது? அங்கே மனை பார்க்கிறான் என்றார் ஒருவர். ஏதோ வேண்டுதல், பொருத்தனை என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அம்மா மட்டும் குரலைத் தாழ்த்தி, அந்த ஊரில் யாரோ ஒருத்தி இருப்பதாகச் சொல்லிவந்தார்.

எனக்குப் பத்து வயதானபோது மாமாவுக்குக் குடியாத்தத்தில் பெண் பார்த்தார்கள். பள்ளிக்கூட டீச்சர். கிளம்பும்போதே அம்மா தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பொம்மை ரயிலைப் பற்றி அங்கே மூச்சு விடக் கூடாது. பெண்ணும் மாப்பிள்ளையும் பத்து நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். காவலுக்கு நான். காவல் என்றால் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே, என்னால் ஆகிற காரியமா? படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். மூன்றாம் முறை ஏறியபோது மாமா ரயிலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீச்சர் சிரிக்கவில்லை. "உங்க ரயிலு குடியாத்தத்துல நிக்குமா?" என்று கேட்டார். இன்னும் அவ்வளவு தூரம் போடவில்லை என்று மாமா தடுமாறினார். அவர் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே புதுப் பலகை வந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து குடியாத்தம் பக்கமாகப் பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் முளைக்க ஆரம்பித்தன. ஒரு பிளாட்பாரத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற மனுஷன் நான்கே நாளில் பச்சகுப்பத்தை முடித்தார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு ஓடுவார். வீடெல்லாம் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. மாமா அந்தப் பெண்ணை விரும்பிவிட்டார் என்று அம்மா போனில் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்குத் தேதி குறிக்கும் முன்னால் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் அல்ல, சுற்றுவட்டத்தில். மளிகைக் கடையில், கம்பெனி வாட்ச்மேனிடம், சர்ச் வாசலில். குழந்தை அகப்பட்டால் இன்னும் நல்லது, குழந்தைக்கு மறைக்கத் தெரியாது என்று நம்பிக்கை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே ஸ்கூல் முடிந்து நான் வாசலில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் பிஸ்கட் பாக்கெட்டோடு பக்கத்தில் வந்தார். பெண்ணின் பெரியம்மா என்பது எனக்குத் தெரியாது.

"உங்க மாமா ஏம்மா காலைல சர்ச்சுக்கு வர்றதில்ல?"

"பேரணாம்பட்டுக்கு சைக்கிள்ல போவாரு."

"ஒவ்வொரு வாரமுமா? அங்க இன்னா வேல அவருக்கு?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. ஆனால் அந்த வார்த்தைக்குத் தெருவில் எல்லோரும் உதட்டைச் சுழித்துச் சிரிக்கிற சிரிப்பை நான் பார்த்துப் பார்த்து வெறுத்திருந்தேன். என் மாமாவைப் பார்த்து இன்னொருவர் அப்படிச் சிரிப்பதா? கௌரவமான ஒரு காரணம் உடனடியாகத் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் அதிகாலையில் நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் யார்? ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர், எங்கள் சர்ச் ஆயர். எல்லோருக்கும் சுகர். அம்மா நர்ஸ் என்பதால் வீட்டில் காலையும் மாலையும் சுகர் பேச்சுத்தான். மூக்குக்கண்ணாடி மாதிரி, பெரிய மனிதர்களுக்கு ஒரு வயதில் வந்து சேர்வது சுகர் என்று நினைத்திருந்தேன்.

"டாக்டர் சொல்லியிருக்காரு. மாமாக்கு சுகரு" என்றேன். அது போதாது என்று தோன்றி, "ரொம்ப ஜாஸ்தி" என்றும் சேர்த்தேன்.

அந்த அம்மாள் பிஸ்கட் பாக்கெட்டை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவின் மானத்தைக் காப்பாற்றிய பெருமையில் நான் வீடு வரை ஓடினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. வியாதியை மறைத்துப் பெண் கேட்டுவிட்டீர்களே என்றார்களாம். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதே சுகர் பார்க்கிற மெஷினை எடுத்து மாமாவின் விரலில் குத்திப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திருப்தியில்லாமல் இன்னும் இரண்டு விரல்களில் குத்தினார். பிறகு ஆஸ்பத்திரி லேபில் எடுத்த ரிப்போர்ட்டைக் குடியாத்தத்துக்கு அனுப்பினார். அதுதான் வினையாகப் போயிற்று. அக்கா நர்ஸ், ரிப்போர்ட் அக்கா வேலை செய்கிற இடத்தில் எடுத்தது, அது வேறு எப்படிச் சொல்லும் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் இவ்வளவு அவசரமாக ரிப்போர்ட் அனுப்புவார்களா என்றும் கேட்டார்கள்.

"எந்தப் பாவி போய் சொன்னானோ, நல்லா இருந்த சம்பந்தத்த பேஜாரு பண்ணிட்டான்" என்று அம்மா புலம்பினார். சந்தேகம் எதிர்வீட்டு அம்மாவின்மேல் விழுந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. ஒன்பது நாள் அந்த வரியை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளை எடுத்தால் இருட்டும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வருவேன். சமையலறை வாசலில் வந்து நிற்பேன், வாயைத் திறப்பேன், தண்ணீர் கேட்பேன். "இன்னாடி, கால்ல சக்கரம் கட்டினு இருக்கியா? ஒரு எடத்துல ஒக்காரு" என்று அம்மா அதட்டுவார். அவர் கையைப் பார்த்ததும் வரி உள்ளே ஓடிவிடும். எனக்கு அடி என்றால் அவ்வளவு பயம்.

பத்தாம் நாள், அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மா அழுதார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள் அல்லவா? மாமா சொல்யூஷன் டப்பாவை மூடி வைத்துவிட்டார். வளத்தூர் ஸ்டேஷன் பாதியில் நின்றது, அதற்கப்பால் வெறும் பலகை. எனக்கோ ரயில் நீளமாக ஓடவேண்டும். தினமும் மாடிக்குப் போய், குடியாத்தம் எப்போது வரும், எப்போது வரும் என்று அவரை அரித்தெடுத்தேன். "வரும், வரும்" என்று வாணியம்பாடிப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்.

கோடை லீவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் பேரணாம்பட்டு ரோட்டில் போய், எனக்கு எல்லையான மேட்டில் ஏறி நின்றோம். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஏன் அப்போது தோன்றியது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இல்லாத தைரியமாக இருக்கலாம்.

"மாமா, சுகருன்னு சொன்னது நான்தான்."

மாமா தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

ரிப்போர்ட் போன மறுநாளே அந்தப் பெரியம்மா நேராக மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். குழந்தை சொன்னது, பொய்யாக இருக்காது என்றிருக்கிறார். பொய்தான் என்றால் அவளை அழைத்து வாருங்கள், ஆயர் முன்னாலும் எங்கள் பெரியவர்கள் முன்னாலும் நின்று நான் பொய் சொன்னேன் என்று சொல்லட்டும், பிறகு தேதி குறிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"நீ இன்னா சொன்ன மாமா?"

"பத்து வயசுப் பொண்ண அத்தன பேர் நடுவுல நிக்க வைக்க முடியாதுன்னுட்டேன். அத்தோட வுட்டுட்டாங்க."

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்."

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உடம்பே லேசாகிவிட்டது. என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருப்பேனே என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அந்த நினைப்பே இல்லை. அடி விழாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. "யாரு ஃபர்ஸ்ட்டு பாக்கலாமா?" என்று கத்திக்கொண்டே சைக்கிளில் தாவி ஏறி இறக்கத்தில் விட்டேன். இறக்கம் வந்தால் மாமா பிரேக்கைத் தொடவே மாட்டார். இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, ஓவென்று கூவியபடி என்னைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை.

அன்று நான்தான் முதலில் வந்தேன். கீழே நின்று பொறுமையில்லாமல் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தேன். மாமா வெகு மெதுவாக வந்தார். மேட்டிலிருந்து அடிவாரம் வரை பிரேக் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கிட்டே வந்தும் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு டைட்டா இருக்கு மாமா, கொஞ்சம் லூஸ் பண்ணு" என்று யோசனை சொன்னேன்.

சரி என்றார்.