கேரவனுக்கு முதல் காவல்

மைசூரில் ஹெப்பாள் பக்கத்தில் ஒரு வீட்டு கேட் சத்தமில்லாமல் திறந்தால் அது நான் செய்த கேட் என்று வைத்துக்கொள்ளலாம். கிரீச்சிட்டால் வேறு யாரோ செய்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. ஹனூர் பக்கத்துக் காடு கழனி வேலையை விட்டு, நாலாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காமல், மைசூருக்கு வந்து வெல்டிங் கடையில் கம்பி தூக்கி, பிறகு சொந்தக் கடை போட்டு, மகளை இன்ஜினியர் ஆக்கியவன் நான். படித்தவர்கள் காகிதத்தில் கோடு போட்டு முடிப்பதற்குள் நான் கண்ணாலேயே அளந்து வெட்டி வைத்துவிடுவேன். ஒரு நூல் பிசகாது.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு பழைய மினி பஸ் வந்து சேர்ந்தது. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போய் ஓய்ந்த வண்டி. சீட்டுகளைப் பிடுங்கினேன். கட்டில் போட்டேன், அடுப்பு மேடை கட்டினேன், கை கழுவத் தொட்டி வைத்தேன், பின்பக்கக் கதவை மறைத்து என் வீட்டுக்காரியின் சேலைக்கென்று அலமாரி செய்தேன். சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, கேரவன், அதுதான். அவர்களுடையதில் ஏசி இருக்கும், என்னுடையதில் உறுதி இருக்கும்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. வருஷா வருஷம் நாங்கள் இரண்டு பேரும் மாதேஸ்வரன் மலைக்குப் போவோம். கொள்ளேகாலில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, மலை வளைவுகளில் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து போய்ச் சேருவது வழக்கம். அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இந்த முறை ராணி மாதிரி படுத்துக்கொண்டே வரட்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, டீக்கடை, அரிசிக் கடை, முடிவெட்டும் கடை என்று தெரு முழுக்கச் சொல்லியும்விட்டேன்.

வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"நான் எப்பவும் போல பஸ்லயே வர்றனுங்க. நீங்க உங்க வண்டில வாங்க. கோயில் வாசல்ல பாத்துக்கலாம்."

"ஏம்புள்ள, உனக்காகத்தானே செஞ்சேன்."

"அடுப்பும் கட்டிலும் டீசலும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குதுங்க. எனக்கு அதுக்குள்ள தூக்கம் வராது."

நான் கேரவனில் தனியாக மலைக்குப் போய் இறங்கினால் தெருவில் எனக்கு என்ன மரியாதை இருக்கும்? எப்படியாவது அவளை ஏற்றியாக வேண்டும். மகள் நடுவில் வந்தாள். கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எல்லாவற்றுக்கும் போனில் பதில் வைத்திருப்பாள். இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பாதுகாப்புச் சாமான்கள் இருக்கின்றனவாம். நெருப்பணைக்கும் சிலிண்டர், கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம், புகைக்குக் கத்தும் அலாரம், கண்ணாடி உடைக்கும் சுத்தியல், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டயரில் காற்று இறங்கினால் சொல்லும் கருவி. "எல்லாத்தையும் நாளைக்கே வாங்கிடலாம்" என்றேன். வீட்டுக்காரி குறுக்கே விழுந்தாள்.

"பரண்ல ஏறிப் பாருங்க. கால் அமுக்கற மெசின் பெட்டியோட இருக்குது. வண்டி கழுவற பம்பு பெட்டியோட இருக்குது. வாங்கறதோட சரி. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. அதை மாட்டி, எனக்கு நடத்திக் காட்டுங்க. முதல்ல வாங்கறதே சரியா இருந்தா நான் உங்க வண்டில ஏர்றன். இல்லீன்னா பஸ்ஸு."

முதலில் எதை வாங்குவது? மகளுக்குச் சந்தேகமே இல்லை. "கேஸ் அலாரம்தான் ஃபர்ஸ்ட். அடுப்பும் பெட்டும் ஒரே ரூம்தானே? தூங்கறப்போ லீக் ஆனா எப்டி தெரியும்?"

"எனக்கு மூக்கு இருக்கு கண்ணு."

"நேத்து பால் தீஞ்சது உன் மூக்குக்குத் தெரிஞ்சுதாப்பா?"

அவள் சின்னப் பெண். உலகத்தில் ஆபத்து என்றால் எனக்குத் தெரிந்து அது வெளியிலிருந்துதான் வரும். இத்தனை வருஷமாக ஜனங்கள் என்னிடம் கேட் செய்து வாங்கியது எதற்காக? திருடனுக்காக. மலையிலோ திருடனோடு குரங்கும் சேர்ந்துகொள்ளும். பஸ் ஜன்னலில் கைவிட்டுப் பொரிப் பையைப் பிடுங்கும் குரங்கை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டேன். அதை வாங்க வேண்டியதே இல்லை, நம் கடையில் இருக்கிறது. வெறும் கம்பி இல்லை. ரோஜாப்பூ போட்ட கிரில். குரங்குக் கை நுழையாத நெருக்கம். டிரைவர் சீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவிலும் ஒரு கிரில், முன் கண்ணாடியை உடைத்து எவனும் உள்ளே வரக்கூடாதே.

கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிய முதல் சாமான் ஒரு பூட்டு. இழுத்து மூடும் பக்கவாட்டுக் கதவுக்கானது. மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்பக்கம் திருகித் திறக்க ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரனுக்கு அறிவு அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்து, குச்சியை விட்டு அந்தக் குமிழைத் திருகினால் கதவு திறந்துவிடாதா? குமிழைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஓட்டையில் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். இனி வெளியே இருக்கும் சாவித் துளைதான் ஒரே வழி.

வண்டியைத் தெருவில் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழ் பேசிப் பழகுவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யஜமான்ரே, ஃபாரெஸ்ட் டிபார்ட்மென்ட் ஆர்டரா? கூண்டு சூப்பராகிதே. எங்க வெக்கறீங்க, சிறுத்தை எந்தப் பக்கம் வந்திருக்கு?"

"நாயி ஒண்ணு கட்டணுமுங்க உள்ள" என்றாள் என் வீட்டுக்காரி. "அப்பத்தான் சிறுத்தை வரும்."

நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டைக் காட்டினேன். எத்தனை கெட்டி, எப்படித் தானே பூட்டிக்கொள்ளும், குமிழை எடுத்த சாமர்த்தியம் என எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமையைப் பார்த்தே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

"ரொம்ப கெட்டிங்களா?"

"யானை வந்து முட்டினாலும் அசையாது."

"அப்ப நீங்க உள்ள போய் நில்லுங்க. நான் வெளிய இருந்து இழுத்துப் பாக்கறன்."

ஏறி நின்றேன். கதவு வழுக்கிக்கொண்டு வந்து டக்கென்று கடித்துக்கொண்டது. பிரமாதமான சத்தம். சாவி வெளியே துளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். நிழல் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்ப அடுப்புல எண்ணெ பத்திக்கிச்சுங்க. பொகை வருது. வெளிய வாங்க பாப்போம்."

முதலில் சிரித்தேன். பிறகு கதவைத் தள்ளினேன். தோளால் முட்டினேன். ஜன்னல் கிரில்லைப் பிடித்து உலுக்கினேன். முன்பக்க கிரில்லைக் காலால் உதைத்தேன். பின்கதவைப் பார்க்கலாமென்றால் அலமாரி மறைத்தது. அதையும் நான் தரையோடு போல்ட் அடித்திருந்தேன். எதுவும் ஒரு மயிரிழை அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை; சந்தோஷம்தான் வந்தது. எத்தனை பேருடைய வெல்டிங் இப்படி நிற்கும்?

எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "யஜமான்ரே, எங்க வீட்டு ஜன்னல் கிரில்லும் நீங்க போட்டதுதானே. அதுவும் இப்டியேதானா?"

இதில்தான் எனக்கு வகையாகச் சிக்கல் விழுந்தது. எதையாவது உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் என் வேலை மட்டம். உள்ளேயே நின்றால் நான் மட்டம். "அதுவும் இதே கெட்டிதான்" என்று சொல்லிவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டில் சுகமாகத்தான் இருந்தது.

மகள் காப்பி கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாக நீட்டினாள். தம்ளர் நுழையவில்லை. அவள் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இந்த ரோஜாப்பூவுக்கும் அந்த ரோஜாப்பூவுக்கும் நடுவில் வழியே இல்லை.

"ஆறிடுமுங்க" என்று சொல்லி, வீட்டுக்காரி அதை வாங்கிக் குடித்துவிட்டாள்.

வியாபாரி என்பவன் பேரம் பேசத் தெரிந்தவன். நானும் ஆரம்பித்தேன். "சரி. நெருப்பணைக்கிற சிலிண்டர் வாங்கிடறேன்."

"அணையலீன்னா?"

"கேஸ் அலாரம் வாங்கறேன். உன் மக சொன்னதுதான்."

"அது கத்தும். நீங்களும் உள்ள இருந்து கத்துவீங்க. ரெண்டையும் கேட்டுட்டு நான் இங்க உக்காந்திருக்கறதா?"

"கண்ணாடி உடைக்கிற சுத்தி."

"கண்ணாடி ஒடையும். உங்க ரோசாப்பூ ஒடையுமா?"

"ரோஜாப்பூ ஒடையாது" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நீங்க முன்னாடி உக்காந்து ஓட்டுவீங்க. உங்களுக்குக் கதவு இருக்குது. நான் பின்னாடி, அடுப்புப் பக்கத்துல படுத்திருப்பன். எதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படீங்க வர்றது?"

கட்டிலைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். திருடன் எந்த வழியாக வருவான், குரங்கு எந்த வழியாக வரும் என்று யோசித்து யோசித்து வேலை செய்தவன், இவள் எந்த வழியாக வெளியே போவாள் என்று மட்டும் அளவெடுக்காமல் விட்டிருந்தேன்.

"சரி புள்ள. முதல்ல வெளிய வர்ற வழி. மத்ததெல்லாம் அப்புறம்."

"வாங்கறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

சாவி இடுப்பிலிருந்து வந்தது.

அன்றைக்கே கட்டிங் மெஷினை எடுத்தேன். என் வெல்டிங்கை வெட்ட என் கையே திணறியது. மெஷின் சக்கரம் ஒன்று தேய்ந்து, இன்னொன்று மாட்ட வேண்டியதாயிற்று. வேறு யார் போட்ட கிரில்லாக இருந்தாலும் பிஸ்கட் மாதிரி வந்திருக்கும். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் கிரில்லை மொத்தமாகப் பெயர்த்து, கீல் வைத்து, கதவு மாதிரி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தேன். உள்ளே ஒரே ஒரு கொண்டி. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். குரங்கு வெளியிலிருந்து தலைகீழாக நின்றாலும் எட்டாது. தகட்டைப் பெயர்த்துக் கதவுக்குக் குமிழையும் திரும்ப மாட்டி, குச்சி எட்டாதபடி அதன்மேல் ஒரு இரும்புக் கூடு வைத்தேன். முன்பக்க கிரில்லில் ஒரு சின்ன வாசலும் போட்டேன். அலமாரி ஒரு பக்கமாக நகர்ந்து பின்கதவு வெளியே வந்தது.

அதற்கப்புறம்தான் கடைக்குப் போக அனுமதி கிடைத்தது, அதுவும் ஒவ்வொன்றாக. நெருப்பணைக்கும் சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டப் போனேன். "அடுப்பே எரியறப்போ அதுக்குள்ள கைய விட்டு எடுப்பியாப்பா?" என்று மகள் கேட்டாள், கதவோரம் மாட்டினேன். கேஸ் அலாரத்தை மேலே மாட்டினேன். சமையல் கேஸ் கீழேதான் இறங்கித் தங்கும் என்று அவள் அதைத் தரையோரம் இறக்கினாள். புகை அலாரம் மட்டும் மேலே. அவள் அம்மா மிளகாய் தாளித்தபோது அது போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "சாமான் நல்ல சாமான்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சாயங்காலம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, அவர் வீட்டுப் படுக்கையறை கிரில்லுக்கும் ஒரு கீலும் கொண்டியும் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். இப்போது இந்தத் தெருவில் அது ஒரு மாடல். திறக்கிற கிரில். என்னுடைய கண்டுபிடிப்பு. வீட்டுக்காரியிடம் இதைப் பற்றி யாரும் விசாரிக்கத் தேவையில்லை.

புறப்பட்ட காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு கதவு வழியாக ஏறினாள். கொண்டியை இழுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளியே ஸ்டூல் போடச் சொல்லி, முழங்கால் வலியோடு ஜன்னல் வழியாக இறங்கினாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கதவு வழியாக ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க."

எடுத்தேன். கண்ணாடியில் பின்னறை முழுக்கத் தெரிந்தது. ராணி மாதிரி படுக்கவில்லை. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் அந்தக் கொண்டியைப் பிடித்தபடியே வந்தாள். ஊர் தாண்டினோம், கரும்புக் காடு தாண்டினோம், பாலம் தாண்டினோம். கை எடுக்கவில்லை. கொள்ளேகால் பஸ் நிலையம் வந்தது. மலைக்குப் போகும் பஸ்ஸில் ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கினேன்.

"ஏம்புள்ள, உன் பஸ்ஸு நிக்குது. எறங்கிக்கிறியா?"

அவள் ஜன்னல் வழியாக அந்தப் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கொண்டியிலிருந்து கையை எடுத்தாள். தலையணையைத் தட்டிப் போட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"பேசாம ஓட்டுங்க" என்றாள். "வளைவுல பாத்துத் திருப்புங்க. நான் கொஞ்சம் கண்ணசர்றன்."