மூன்று முறை ஊற்றிய குழம்பு

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு சோறும் பலவகைக் குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, குழம்புச் சட்டிகளுக்கு மேல் நீண்டிருந்த ஒரு கைப்பேசி. பிடித்திருந்தவள் சுற்றுலா வந்த இளம்பெண். பினாங்குக்கு வருகிறவர்கள் இப்போது சோற்றைப் படம்பிடித்தே பசியாறிவிடுகிறார்கள்.

எனக்கு முன்னால் பக்கத்து வங்கியின் காவலர் நின்றிருந்தார். அவருக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். ஒரு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும்.

"அண்ணே, பஞ்சிர் போடுங்க, ஸ்லோவா," என்றாள் அவள். பஞ்சிர் என்றால் வெள்ளம். எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவது. கடைக்காரர் ஊற்றினார்.

"ஐயோ, உங்க கை மறைச்சிருச்சு. இன்னொரு தடவை லா."

மறுபடியும் ஊற்றினார். அதில் வெளிச்சம் சரியில்லையாம். வரிசையில் நின்ற எங்களை நகரச் சொன்னாள். நாங்களும் வெட்கமில்லாமல் நகர்ந்தோம்.

"தங்கச்சி, சோறு நீச்சலே பழகிருச்சு. எங்களுக்கும் வழி விடும்மா," என்றார் காவலர்.

"டூ மினிட்ஸ், அங்கிள்," என்றாள், திரும்பாமலேயே.

தினமும் வருகிற காவலரைக் கடைக்காரர் பார்க்கவே இல்லை. கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தபடி மூன்றாவது முறையாகக் கரண்டியை உயர்த்தினார். காவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து விலகி வெளியே போனார்.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். காரம் என்று சொல்லி, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

நான் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது மணி ஒன்று ஐந்து. காவலர் வங்கிக் கதவை யாருக்கோ திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.