பிக் பெண்ட் மலைக்கு முப்பது அடி வண்டி: அக்காவிடம் நான் கேட்காமல் விட்டது

"அமெரிக்காவில் ஐரோப்பிய மாடல் சின்ன மோட்டர்ஹோம் சரிப்பட்டு வருமா?" என்று டெக்சஸ் நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வரும். ஆனால் அதை நான் தெரிந்துகொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போகப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. நாங்கள் இருப்பது டெக்சஸ், இர்விங்கில். நான், கணவர் பிரபு, பதின்மூன்று வயது மகள் நிலா. நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து என் அக்கா சுமதி வந்திருந்தாள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, மருந்து கம்பெனியில் வேலை. கணவரைப் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தப் பயணத்துக்கு முந்தைய வருடம் கம்பெனி அவளை நாலு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அங்கே படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற ஒரு சின்ன மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்து, பத்து நாள் தனியாக ஆஸ்திரியா வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். அந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும்.

டெக்சஸின் தென்மேற்குக் கோடியிலுள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றது அவள்தான். "சின்ன வண்டியா எடுடி உமா, போதும்" என்றாள். நான் கேட்கவில்லை. நாலு பேர், குளிருக்கு ஹீட்டர், நிலாவுக்குத் தனிப் படுக்கை, இட்லி மாவு வைக்க ஒழுங்கான ஃப்ரிட்ஜ் என்று யோசித்து முப்பது அடி வண்டியை புக் பண்ணினேன். ஒரு இரவுக்கு 245 டாலர். ஐரோப்பிய மாடல் இருபதடி வண்டி 189-க்குக் கிடைத்தது. அக்கா சொகுசாக வரட்டும் என்றுதான் பெரியதை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை வண்டி எடுக்கிற இடத்தில், இன்னொரு டிரைவர் பெயர் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். அக்கா பையிலிருந்து லைசென்ஸை எடுத்துவிட்டாள். "உனக்கு எதுக்குக்கா இந்த வேலை, பிரபு ஓட்டிப்பார். நீ ரெஸ்ட் எடு" என்றேன். லைசென்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

6:40-க்குக் கிளம்பினோம். ஐ-20 ஹைவேயில் நேராக மேற்கே போய், ஒடெஸ்ஸா தாண்டித் தெற்கே திரும்பி, மாலை நாலரைக்கு ஃபோர்ட் ஸ்டாக்டன். 420 மைல். காற்று பக்கவாட்டில் அடித்தால் அவ்வளவு பெரிய வண்டி ஒரு லேனில் நிற்காது. பிரபு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில், இறங்கும்போது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அக்கா நாள் முழுக்கப் பின்னால் டைனிங் மேஜையில் உட்கார்ந்து, பக்கத்து ஜன்னலில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். "பரவால்லடி" என்றாள்.

மறுநாள் 127 மைலில் பூங்காவின் நடுவிலுள்ள பாந்தர் ஜங்ஷன். அங்கிருந்து இன்னும் இருபது மைல் கீழே, ரியோ கிராண்ட் ஆற்றோரம் முகாம். இதுவரை குறை இல்லை. சூடான தண்ணீர், சாம்பார் சாதம், நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை, பூங்காவுக்குள்ளேயே இருக்கிற சீசோஸ் மலைக்குக் கிளம்பினோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் அக்கா இவ்வளவு தூரம் வந்ததே. பாந்தர் ஜங்ஷனிலிருந்து பத்து மைல்தான். ஆனால் மலைச்சாலை தொடங்குகிற இடத்தில், 24 அடிக்கு மேற்பட்ட மோட்டர்ஹோம்களுக்கு இந்தப் பாதை உகந்ததல்ல என்று பலகை. கொண்டை ஊசி வளைவுகள். முன்கூட்டியே படித்திருக்க வேண்டியது நான். இடமும் தேதியும் பார்த்தேன், எத்தனை அடி வண்டி மேலே போகும் என்று பார்க்கவில்லை.

பிரபு ஓரமாக நிறுத்தினார். "ரிஸ்க் எடுக்க வேணாம் உமா" என்றார். நிலா இறங்கிப் பின்னால் நின்று கை காட்ட, வண்டியைத் திருப்பவே கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு வெள்ளை வேன் எங்களைத் தாண்டி மேலே ஏறியது. அக்கா அது வளைவில் மறைகிற வரை பார்த்தாள். "பத்தொன்பது இருபதடிதான் இருக்கும். அதுன்னா நானே ஓட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அதே வேன் எங்கள் முகாமில் இருந்தது. மினசோட்டாவிலிருந்து வந்த வயதான தம்பதி. அக்கா போய்ப் பேச, அவர்கள் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். இரண்டு அடுப்பு, மடக்குக் கட்டில், பெட்டி போலக் கழற்றிக் காலி பண்ணுகிற டாய்லெட். குறைகளையும் அந்த மனிதர் மறைக்கவில்லை. தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் வராது, கூரையில் ஏசி இல்லை, கோடையில் டெக்சஸ் பக்கமே வரமாட்டோம் என்றார். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். அவர்கள் மறுநாளும் மலைக்குப் போகிறார்களாம். கூட வாருங்கள், சூரியன் மறைந்ததும் கொண்டுவந்து விடுகிறோம் என்றார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல எட்டுக்குக் கிளம்பணுமே அக்கா. புதன்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும்" என்றேன். ஒரு நாள் நீட்டித்திருக்கலாம். தோன்றவே இல்லை.

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

மொத்தம் 1,180 மைல். கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தது. பெட்ரோல் மட்டும் 410 டாலர். அக்கா வியாழக்கிழமை எங்களோடு சாப்பிட்டுவிட்டு மறுநாள் விமானம் ஏறினாள்.

ஜனவரியில் போன் பண்ணினாள். ஆபீஸில் கொடுத்த ஒரு ப்ரமோஷனை ஏற்றுக்கொண்டாளாம், வாரத்தில் நாலு நாள் ஆபீஸ் போக வேண்டுமாம். பேச்சுவாக்கில்தான் மற்றதும் வந்தது. வீட்டை விற்று, ஒரு சின்ன மோட்டர்ஹோம் வாங்கி, வீட்டிலிருந்து பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஊர் ஊராகப் போக நினைத்திருந்தாளாம். அது முடியுமா என்று பார்க்கத்தான் டெக்சஸ் வந்தாளாம். "இந்த ஊருக்கு அதெல்லாம் ஒத்து வராதுடி. நாள் முழுக்க ஓட்டி பிரபுவுக்கே தோள் போச்சு, நானே நேர்ல பாத்துட்டேனே" என்றாள்.

போனை வைத்ததும் நிலாவிடம் சொன்னேன். நாங்கள் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. "பெரியம்மா ஓட்டத்தான் லைசென்ஸை எடுத்தாங்க, நீதான் விடலை" என்கிற அர்த்தத்தில் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரலில் நானும் நிலாவும் மட்டும் அந்த இருபதடி வண்டியை எடுத்தோம். ஹைவேயில் கார் மாதிரி போனது. கேலனுக்குப் பதினாறு மைல். வழியில் இந்தியன் கடையில் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தி மாவும் கீரையும் வாங்கினேன். எண்பது மைல் தள்ளி க்ளென் ரோஸ் பக்கம் ஆற்றோரம் ஒரு இரவு. அங்கிருந்து அக்காவைக் கூப்பிட்டு, "நானே ஓட்டிட்டு வந்தேன்க்கா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அக்கா, "தண்ணி எவ்வளவு பிடிக்குது?" என்று கேட்டாள். இருபது கேலன் என்றேன். "ரெண்டு பேருக்குத் தாராளம்" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடு உமா. வீட்டு மேல லோன் போட்டு கிச்சனை மாத்தி கட்டிட்டு இருக்கேன். ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

கிளம்புகிறவர்களுக்கு: இரண்டு பேர், அதிகம் போனால் ஒரு பிள்ளை என்றால் இருபதடி போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை டெக்சஸில் கூரை ஏசி இல்லாததை எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் ஒரு நாளில் நூறு மைல் போவார்கள், இங்கே நானூறு ஆகிவிடும். அதனால் சீட் வசதியைக் கட்டிலைவிட முக்கியமாகப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் நிரப்பத் திட்டமிடுங்கள். எந்தப் பூங்கா போனாலும் சாலையின் நீள வரம்பைப் பார்த்துவிட்டு வண்டியை புக் பண்ணுங்கள். நாலு பெரியவர்கள் போவதானால் பெரிய வண்டியே மேல், ஆனால் சீசோஸ் மலை கிடையாது.

கூட வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எனக்கு ஐந்து நாள் இருந்தது.