தங்கையின் சான்றிதழை யார் யார் பார்க்கலாம்

என் தங்கை புருஷனுடைய மூக்கை நான் ஹெல்மெட்டால் உடைத்தேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தம் வேறு ஒன்றில்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அடித்தான். பெல்ட், குக்கர் மூடி, கையில் அகப்பட்டது எதுவானாலும் சரி. ஒருநாள் தலைமுடியைப் பிடித்துக் கிரைண்டரில் மோதியதில் அவளுக்கு இரண்டு பற்கள் தெறித்தன. மாற்றுத் துணிகூட எடுக்காமல் கரமனையில் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "எங்க போய் ஒளிஞ்சாலும் தேடி வந்து வெட்டுவேன்" என்று அவன் போனில் சொன்னதை நானும் கேட்டேன். சொன்னால் செய்கிற ஜென்மம். அதனால் மலையடிவாரத்து ஊரான வித்துராவில் ஒரு வீடு பிடித்து அவளைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மாவிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. சேருவதற்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். வந்தது வினை.

என் பிழைப்பே சான்றிதழ்தான். மக்கள் தங்கள் டிஜிட்டல் சான்றிதழ்களைப் போட்டு வைக்கிற ஒரு ஆப்பைக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் எங்கள் கம்பெனி நடத்துகிறது. எந்தச் சான்றிதழை யார் யார் பார்க்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒரு ஏபிஐ உண்டு. சான்றிதழின் எண்ணைக் கொடுத்தால் பெயர்ப் பட்டியல் வரும். அதை எழுதியவள் நான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவளுடைய சர்ட்டிபிகேட் பைலுக்குக் குங்குமம் வைத்து, தாம்பாளத்தோடு மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். தங்கை கல்யாணத்தில் நான் அதையே ஆப்பிலும் செய்தேன். அவளுடைய சான்றிதழ்களை ஒரு குடும்ப போல்டரில் போட்டு, அவள், நான், அவன் என்று மூன்று பேரை அந்தப் போல்டரிலும் ஒவ்வொரு சான்றிதழிலும் சேர்த்தேன். பெரிய கெட்டிக்காரி என்று மண்டபம் முழுக்கப் பீற்றிக்கொண்டு வேறு திரிந்தேன்.

அவள் வித்துரா போனதும் பழைய சான்றிதழ் ஒவ்வொன்றிலும் அவன் பெயரை நீக்கினேன். ஒவ்வொரு நீக்கலும் அவன் செவிட்டில் ஒன்று விட்ட மாதிரி சுகமாக இருந்தது. புதிய இருப்பிடச் சான்றிதழும் குடும்ப போல்டரில் வந்து சேர்ந்தது. அதைத் திறந்து வீட்டுப் பெயர், தெரு எல்லாம் சரிதானா என்று படித்தேன். பிறகு ஏபிஐயில் கேட்டேன். ஒரே பெயர், அவளுடையது. பட்டியலில் என் பெயர் இல்லையே, பின்னே நான் எப்படித் திறந்து படித்தேன் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, பாழாய்ப்போன மண்டைக்கு.

"எக்கா, அவன் பார்க்க மாட்டான்லா?" என்று போனில் கேட்டாள்.

"ஒரு பயலும் பார்க்க முடியாது. நான் செக் பண்ணிட்டேன். பேடிக்காம இரு, ஒரு பயமும் வேண்டாம், கேட்டியா."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவளைப் பார்க்க ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். நெடுமங்காடு தாண்டியதும் அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா போன் செய்து மலையாளத்தில் அலறினாள். "மோளே, வேகம் வா! அவளெ வெட்டி!"

போய்ச் சேர்ந்தபோது படியெல்லாம் ரத்தம். கழுத்துக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்திருக்கிறாள். இடது கை எலும்பு தெரியப் பிளந்திருந்தது. அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனை அக்கம்பக்கத்து ஆட்கள் அடித்துப் பலாமரத்தில் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் முகத்தில் ஓங்கிப் போட்டேன். நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்னொன்றும் போட்டேன். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"என்னை எதுக்கு மைனி அடிக்கீங்க? அட்ரஸ் உங்க ஆப்புலதானே வந்துச்சு."

கை தானாகத் தாழ்ந்தது. போல்டர்! அதில் புதிதாக எந்தச் சான்றிதழ் வந்தாலும் போல்டரில் உள்ள எல்லோருக்கும் திறக்கும்; அவனைப் போல்டரிலிருந்து நான் நீக்கவே இல்லை. அந்தப் பெயர்களையும் ஏபிஐ காட்ட வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். போல்டரையும் தேடினால் பட்டியல் வரத் தாமதமாகிறது, வேண்டியவன் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு அப்படி வைத்தவளே நான்தான்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்துப் பேசினாள். விரல்கள் அசையுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"இப்போ யாரெல்லாம் பார்க்கலாம்?" என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து, போல்டரையும் சேர்த்துக் கேட்டேன். மூன்று பெயர் வந்தது. அவன் பெயரைப் போல்டரிலிருந்தே எடுத்தேன்.

"உன் பேரையும் எடு எக்கா."

"ஏட்டி, நான் உன் அக்கால்லா?"

"பகல்லகூட கதவைத் தாப்பா போட்டுட்டு இருந்தவ நான். நீ செக் பண்ணிட்டேன்னு சொன்ன பிறகுதான் தாப்பா போடுறதை விட்டேன்."

என் பெயரையும் எடுத்தேன். மறுபடி கேட்டேன். இந்தச் சான்றிதழைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

"இப்போ சரியா இருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டவில்லை. நல்ல கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தானே படித்துப் பார்த்தாள்.