சிகிச்சை முடிந்த பிறகு புதுச்சேரி: வாசனைப் பயிற்சிக்காகப் போன நான்கு நாட்கள்

புதுச்சேரிக்கு எத்தனை முறை போயிருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தை மாதம் வரை அந்த ஊரின் கடலை நான் பார்த்ததில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். திருவண்ணாமலையில் விடியற்காலையில் பேருந்து ஏறுவேன், மருத்துவமனையில் இறங்குவேன், மருந்து ஏறும், மறுபடி பேருந்து. ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டே வருவேன்.

சிகிச்சை முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டது. "உங்களுக்குச் சரியாகிவிட்டது" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பலகையில் பாதிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்து, அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவேன். மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது. "பாதியை மாத்திரை பார்த்துக்கொள்ளும், மீதிக்கு உங்களுக்குப் பிடித்த எதையாவது தொடங்குங்கள்" என்றார்.

அந்த நேரத்தில்தான் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. நோயிலிருந்து மீண்டவர்களுக்கு வாசனை எண்ணெய்களை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பயிற்சி, ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரி குருசுக்குப்பத்தில். ஊர் பெயரைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்துப் பணம் கட்டினேன். நோயாளியாக மட்டுமே தெரிந்த ஊருக்கு ஒருமுறை வெறும் பயணியாகப் போய் வந்தே தீருவது என்று முடிவு செய்தேன். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் படித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பணம் கட்டுவதற்கு முன் என் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டேன். "மோந்து பாருங்கள், தவறில்லை. உடம்பில் பூசுவதாக இருந்தால் எந்த எண்ணெய் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் பூசுங்கள். குடிக்கவே கூடாது" என்றார்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்து. செஞ்சி, திண்டிவனம் வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆனது. இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு வந்தேன். செஞ்சி தாண்டியதும் பாறைக் குன்றுகள் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் உப்பளத்துக்கு இருநூறு கேட்டார். இரண்டு கிலோமீட்டருக்கு இருநூறா என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கா போறீங்க? அதுன்னா நூத்தம்பது குடுங்க" என்றார்.

என் முகத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ என்று ஒரு கணம் சுருக்கென்றது. "ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கேன்" என்றேன். "அப்ப எரநூறுதாம்மா" என்று சிரித்தார். சந்தோஷமாக இருநூறு கொடுத்தேன்.

உப்பளத்தில் தங்கியதற்கு இரண்டு காரணங்கள். கடற்கரை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில் கேட்கும் வாடகையில் பாதிக்கும் குறைவு. நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வெந்நீரோடு சுத்தமான அறை கிடைத்தது. இன்னொரு காரணம், அங்கேயே குடியிருக்கும் செல்வி. மருந்து ஏற்றும்போது எனக்கு அடுத்த நாற்காலியில் உட்காருவாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அப்பா மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போனவர். செல்வி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கணவர் முருகன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிறார். முடி கொட்டிய தலையைக் காட்டி, "டீச்சர், எண்ணெய் செலவு மிச்சம்" என்று அந்த அறையையே சிரிக்க வைத்தவள் அவள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். தலை நிறைய முடி வளர்ந்திருந்தது. ஆனால் இளைத்திருந்தாள். மறுநாள் பயிற்சிக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"வாசன புடிக்கிறதுக்குக் காசு குடுத்து கிளாசா? நல்லா கீது" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரி, வரேன். எனக்கும் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குருசுக்குப்பம். உப்பளத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாக நடந்தே போனோம், மூன்று கிலோமீட்டருக்குள். அப்படித்தான் முதன்முதலாக அந்தக் கடலைப் பார்த்தேன். மணல் குறைவு, கருங்கற்கள் அதிகம். அழகான கடல் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். செல்வியும் பக்கத்தில் நின்றாள்.

மீனவர் வீடுகள் தொடங்கும் தெருவில் ஒரு மாடி அறையில்தான் பயிற்சி. நடத்துபவர் ஜோஸ்லின். புதுச்சேரிக்காரர், பிரான்சில் செவிலியராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பது வயதிருக்கும். தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கில் 'மதாம்' என்கிறார்கள். கட்டணம் ஆயிரத்து இருநூறு. எனக்கு முன்பே கட்டியாகிவிட்டது; செல்விக்கு உரியதைக் கொடுத்ததும் 'மெர்சி' என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார்: "இங்க எந்த வியாதியும் போவாது. தூக்கம், படபடப்பு, அழுகை, அதுக்கு மட்டும் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும். மருந்த விட்டுட்டு இத எடுத்துக்கறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். காச திருப்பிக் குடுத்துடறேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை; செல்வி மட்டும் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

காகிதக் கீற்றுகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு மோந்து பார்க்கச் சொன்னார். வெட்டிவேர், துளசி, எலுமிச்சை, லாவெண்டர். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து, என்ன தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். வெட்டிவேரில் எனக்குத் தோள் தளர்ந்தது. அடுத்த கீற்று மூக்கருகே வந்ததும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே ஓடினேன். அது மல்லிகை.

மருந்து ஏறும் நாளெல்லாம் என் கணவர் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவார், என்னைத் தேற்றுவதற்காக. இப்போது மல்லிகை வாசனை வந்தாலே எனக்கு வாந்தி. அவரிடம் சொன்னதில்லை. அவர் இன்னமும் வாங்கி வருகிறார். நான் இன்னமும் தலையில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்குகிறேன். திரும்பி வந்து இதையெல்லாம் அந்த அறையில் சொன்னேன்.

"பூ மேல தப்பில்ல" என்றார் ஜோஸ்லின். "மருந்து ஏறுன நேரத்துல அந்த வாசன இருந்துச்சு. மூள ரெண்டையும் ஒட்டி வச்சிடுச்சு. அதே மாதிரி, பயமில்லாத நேரத்துல ஒரு வாசனைய ஒட்டி வச்சா, வேண்டியப்ப அது கை குடுக்கும். அதத்தான் இன்னிக்குப் பழகப்போறோம்."

இடைவேளையில் செல்வி பையிலிருந்து ஒரு கறுப்புப் புட்டியை எடுத்து நீட்டினாள். "இது நல்லதா மதாம்? தெனம் மூணு சொட்டு நாக்குக்கு அடில வுட்டுக்கறேன். கட்டி திரும்ப வராதுன்னு விக்கறவரு சொன்னாரு."

ஜோஸ்லின் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எண்ணெயின் பெயர்கூட இல்லை. "ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிடறீங்கல்ல?" என்று கேட்டார்.

இல்லை என்று செல்வி தலையை ஆட்டினாள். நோய் திரும்பாமலிருக்க நாங்கள் இருவரும் ஐந்தாண்டு விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

"இது என்னன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்சாலும் இத நம்பி மாத்திரைய நிறுத்தச் சொல்ல மாட்டேன். திங்கக்கிழமையே டாக்டரப் பாருங்க" என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

பயிற்சி முடிந்து கடற்கரைக்கு வந்தோம். நான் வகுப்பில் அதட்டுகிற குரலிலேயே கத்திவிட்டேன். "எத்தன மாசமா நிறுத்தியிருக்க? முருகனுக்குத் தெரியுமா? உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"கத்தாதீங்க டீச்சர்." கல்லின் மேல் உட்கார்ந்தாள். "அந்த எண்ணெய நான் ஒண்ணும் பெருசா நம்பல. மாத்திர தீந்துபோச்சு. வாங்கணும்னா அங்கதானே போவணும்? போன செக்கப்புக்குப் போனேன். வாசல்ல அந்த பினாயில் நாத்தம் வந்துச்சு பாருங்க, அப்டியே கொமட்டி, கண்ணு இருட்டிப்போச்சு. திரும்பி வந்துட்டேன். வூட்ல எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிட்டேன். தேங்காய்த்திட்டுல மீன் அழுகிக் கெடந்தாகூட எனக்கு ஒண்ணும் ஆவல. அந்த வாசல் மட்டும் முடியல."

அதற்குப் பிறகு எனக்குக் கத்த வரவில்லை. அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குள் ஏதோ கெட்டிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேருந்தில் திரும்புவதாக இருந்தேன். பள்ளித் தலைமையாசிரியரை அழைத்துத் திங்களன்று விடுப்புச் சொன்னேன். பிறகு அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, மறுபடி ஜோஸ்லினின் மாடி அறைக்கே கூட்டிப் போனேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, செல்வியின் முன்னால் நாலைந்து புட்டிகளை வைத்தார். "உங்களுக்கு எது வூட்டு வாசன, சொல்லுங்க." ஒன்றை மோந்ததும் செல்வியின் முகம் மாறியது. "இது நார்த்த இலயாச்சே! எங்க பின்னாடி வூட்ல மரம் கீது. ரசத்துல போடுவேன்." ஜோஸ்லின் சிரித்தார். அது ஒரு வகை ஆரஞ்சு மரத்தின் இலையிலிருந்து எடுத்த எண்ணெயாம். பிரான்சில் படபடப்புக்கு மோந்து பார்ப்பார்களாம். "ரெண்டும் ஒரே சாதி மரந்தான். புட்டி எழுநூறு ரூபா. உங்களுக்கு எதுக்கு? இலையே போதும்" என்றார்.

அன்று மாலை நான் கணவரை அழைத்தேன். செல்வியிடம் அத்தனை கேள்வி கேட்டுவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மல்லிகை விஷயத்தைச் சொன்னேன். "அப்ப கனகாம்பரம் வாங்கியாரட்டுமா? அதுக்குத்தான் வாசனையே கிடையாதே" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஞாயிறு முழுக்கச் செல்வி வீட்டில்தான். அவளுக்குப் பிடித்த நேரங்களிலெல்லாம், மாவு அரைத்துவிட்டு ஓய்வாக உட்காரும்போது, சாப்பிட்டு முடித்ததும், இலையைக் கசக்கி மெதுவாக மோந்தாள். பிறகு, ஜோஸ்லின் சொல்லித்தந்தபடி, அறையின் மறுகோடியில் ஒரு மூடியில் துளி பினாயில் வைத்தோம். குமட்டியதும் இலை. குமட்டல் அடங்கியதும் மூடியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினோம். மாலையில் மூடி அவள் பக்கத்திலேயே இருந்தது. முகத்தைச் சுளித்தாள், ஆனால் எழுந்து ஓடவில்லை.

முருகன் வேலை முடிந்து வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா உன்னத் தூக்கினு போயிருப்பேன்ல?" என்றார். "ஐஸ் பொட்டியா நானு, தூக்கினு போறதுக்கு?" என்றாள் செல்வி. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தக் கறுப்புப் புட்டியை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார்.

திங்கள் காலை ஏழரைக்கெல்லாம் மூவரும் மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். புறநோயாளி சீட்டு வாங்க வேண்டும் என்பதால் சீக்கிரம் போவது நல்லது. முருகன் வரிசையில் நின்றார். நடைக்கூடம் அப்போதுதான் துடைத்திருந்தார்கள். பாதி தூரத்தில் செல்வி நின்றுவிட்டாள். நெற்றி வேர்த்தது. "டீச்சர், இன்னொரு நாள் வரலாம்."

அந்தச் சுவர்களின் பச்சை நிறம் எனக்கும் ஆகாது. என் கைக்குட்டையில் ஜோஸ்லின் விட்டுத் தந்த வெட்டிவேர் எண்ணெய் இருந்தது, அதை மூக்கில் வைத்துக்கொண்டு, "நானும்தான் பயப்படறேன். ஒக்காந்துட்டுப் போலாம். வெளில மட்டும் போவேணாம்" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் இலையைக் கசக்கினாள், மூச்சை இழுத்தாள், விட்டாள். இன்னொரு இலை. அதற்குள் முருகன் சீட்டோடு வந்துவிட்டார். அவள் எழுந்து, எங்களைப் பார்க்காமல், நேராக நடந்தாள். நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மருத்துவர் இளம்பெண். கோபித்துக்கொண்டார், ஆனால் விரட்டவில்லை. பரிசோதித்து, ஸ்கேன் எழுதிக் கொடுத்து, அன்றே மாத்திரையைத் தொடங்க வைத்தார். வாசல் நாற்றத்தைப் பற்றிச் செல்வி சொன்னதும், இது பலருக்கும் வருவதுதான், முன்னமே சொல்லியிருந்தால் மருந்தும் ஆலோசனையும் கொடுத்திருக்கலாம் என்றார். இப்போது அங்கேயே மனநல ஆலோசனைக்கும் போகிறாள். ஸ்கேன் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. எதுவும் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் முருகன்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

இதேபோல் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனி, ஞாயிறு என்றால் புதுச்சேரியில் அறை வாடகை ஏறிவிடும்; பயிற்சி வாரநாளில் இருந்தால் அதையே எடுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். வாசனை எண்ணெயை நேரடியாகத் தோலில் பூசாதீர்கள், குடிக்காதீர்கள். எதைப் பயன்படுத்துவதானாலும் உங்கள் மருத்துவருக்குத் தெரிந்திருக்கட்டும். நோயையே குணமாக்கும் என்று யாராவது ஒரு புட்டியை நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டும்போல் இருந்தால், அதற்கு என்ன காரணமோ அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பதற்குச் சின்னக் காரணமாகத் தெரியும் என்று வெட்கப்பட வேண்டாம். செல்விக்கு அது ஒரு நாற்றம், அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் அழுகை முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் பலகையில் தொடங்கிய கணக்கை முடித்துவிட்டுத்தான் இறங்குகிறேன். பங்குனியில் என்னுடைய வருடாந்திரப் பரிசோதனை. இந்த முறை தனியாகவே போய்ப் பார்க்கப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன்.

"தனியாவே வாங்க, யாரு வேணான்னா?" என்றாள். "நான் வாசல்ல நின்னுனு இருப்பேன்."