"பின்னால யாரு?" என்று கேட்ட எங்கள் விக்டர் சேர்

விக்டர் சேர் போய்விட்டார்.

பெலாரஸில், சொந்த ஊரில், தூக்கத்திலேயே போயிருக்கிறார். காலையில் என் கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நேரத்தில் அவருடைய மகளின் வட்ஸ்அப் மெசேஜ். அப்படியே நின்று வாசித்தேன்...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கெலிஓயா உதைபந்து கிளப்புக்கு ஒரு காலத்தில் வெள்ளைக்கார கோச் இருந்தார். நம்புங்கள்.

கிளப் தலைவரின் மகன் பெலாரஸில் டொக்டருக்குப் படித்தவர். அங்கே பழக்கமான மனிதரை, மனைவியும் இறந்துபோய்த் தனியாக இருந்தவரை, "ஒரு சீசனுக்கு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் மூன்று வருடம் இருந்தார். நான் அப்போது டீம் கெப்டன். மிட்ஃபீல்ட்.

சேரும் அந்தக் காலத்தில் மிட்ஃபீல்ட்தான். ஏதோ ஒரு தொழிற்சாலை டீம். எத்தனை கோல் போட்டீங்க என்று கேட்டால் ஒரு விரலைக் காட்டுவார். பிறகு அதையும் பாதி மடக்குவார். யாரோ அடித்த பந்து இவர் முதுகில் பட்டு உள்ளே போனதாம்!

விளையாட்டை விட்ட பிறகு அங்கேயே சின்னச் சின்ன டீம்களுக்கு கோச். பனி கொட்டினால் முதலில் கிரவுண்டை அள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பிரக்டிஸாம். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் நாங்கள் "மழை தூறுது சேர், நாளைக்குப் பாப்போமா" என்று கேட்டோம் பாருங்கள்...

வந்த கொஞ்ச நாளில் ஊருக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

சேருக்கு ஒரு பழக்கம். எதைச் செய்வதற்கு முன்னும் வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை, இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. பஸ்ஸில் டிக்கட் வாங்கினாலும் அப்படித்தான். பேக்கரியில் பாண் வாங்கினாலும் அப்படித்தான்.

அவர் தங்கியிருந்தது ரம்ஸி நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு மேல் ரூமில். நானா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, நல்ல மனிசன்தான். சத்தம் சள்ளு இல்ல. ஆனா தேத்தண்ணிய நீட்டினா, வாங்க முந்தி ரெண்டு பக்கமும் திரும்பிப் பாக்கிறார். அவரத் தேடி யாரோ வாறாங்க. அங்க என்னமோ செஞ்சிட்டு ஓடி வந்திருக்கார்."

"அப்புடியெல்லாம் இருக்காது நானா."

"இருந்தா? வீட்டுல குமருப் புள்ளைகள் ஈக்கிது தம்பி. இந்த மாசத்தோட ரூமை விடச் சொல்லுங்க."

கிளப் கொமிட்டியிலும் அதே பேச்சு. ரூம் போனால் கோச்சும் ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்போதுதான் நாங்கள் பந்தை ஒழுங்காகப் பாஸ் பண்ணவே தொடங்கியிருந்தோம்.

நேராகவே கேட்டுவிட்டேன். அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்துகொள்வோம். "யாருக்காவது பயமா சேர்? ஏன் எப்பவும் பின்னால பாக்குறீங்க?"

என்னைக் கிரவுண்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பந்தை என் பக்கம் தட்டிவிட்டு, பையன்களிடம் பொறுக்கிய தமிழில் கத்தினார்.

"பின்னால யாரு?"

"தெரியாது சேர்."

சொல்லி முடிக்கவில்லை, எங்கள் டீமின் மடுல்கெல்ல ரவி பின்னாலிருந்து வந்து பந்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டான். மறுபடியும் பந்து. மறுபடியும் "பின்னால யாரு?" மறுபடியும் ரவி.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. நடுவில் ஆடுகிறவனுக்கு நாலு பக்கமும் ஆள். பந்து காலுக்கு வந்த பிறகு பார்த்தால் நேரம் போய்விடும். வரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இளம் வயதில் பார்க்காமல் பந்தை வாங்கப்போய் முழங்காலை உடைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து கழுத்துக்கு அது பழகிவிட்டது. கல்யாணத்தில் மோதிரத்தை நீட்டியபோதும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாராம். "யாரை எதிர்பார்த்தீங்க?" என்று மனைவி கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். சொல்லிவிட்டு அவ்வளவு சிரிப்பு.

நானாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "ஒரு மெட்ச் பாருங்க, பிறகு முடிவு பண்ணுங்க" என்று அந்த மாதக் கடைசியில் கடுகண்ணாவை மெட்ச்சுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அதற்குள் டீம் முழுக்கக் கழுத்தைத் திருப்பப் பழகியிருந்தோம். கோல் கீப்பர் கூட! அவனுக்குப் பின்னால் வலை மட்டும்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

நானா லைனுக்கு வெளியே நின்று தொப்பியைச் சரிசெய்து சரிசெய்து பார்த்தார். இடைவேளையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"என்ன தம்பி இது... இப்ப பதினொரு பேரையும் தேடி வாறாங்களா?"

எதிர் டீம்காரனும் சேர்ந்து சிரித்தான். மெட்ச் டிரோ. ரூம் தப்பியது.

அதன் பிறகு நானாவுக்கே அது விளையாட்டாகிவிட்டது. தேத்தண்ணியை நீட்டிவிட்டு "பின்னால யாரு?" என்பார். சேர் இரண்டு தோளுக்கு மேலாகவும் பார்த்துவிட்டு "தெரியும்!" என்று வாங்கிக்கொள்வார். மூன்று வருடமும் இதேதான். எனக்குச் சலிக்கவே இல்லை.

ஊருக்குப் போன அன்று கடை வாசலில் வேன் நின்றது. டீம் மொத்தமும் அவருடைய பேக்குகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றோம். நானா கடைசித் தேத்தண்ணியை நீட்டினார்.

சேர் நேராகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கழுத்து திரும்பவே இல்லை.

"சேர்... பின்னால யாரு?" நானாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தெரியும்" என்றார், ஊதிக் குடித்துக்கொண்டே.

மெதுவா போங்க சேர்.

பின்னால நாங்கதான்.