நொண்டச் சொன்ன லோசலின்

பாதிரியார் சிரித்துக் கைகொடுத்தால்கூட, எதற்கு இந்தக் கரிசனம் என்று யோசிக்கிறவள் லோசலின். கடை ரசீதை வாசலிலேயே நின்று சரிபார்ப்பாள். டோங்காவில் பிறந்து, சிட்னியின் மேற்கே மவுண்ட் ட்ரூயிட்டில் வாழ்க்கைப்பட்டவள். கோழிக்கறி ஆலையில் வேலை. கணவன் இறந்தபின் மகன் சேமிசியைத் தனியாளாக வளர்த்தாள்.

அவள் சந்தேகம் சும்மா வந்ததில்லை. அவளுடைய அக்கா மகன் லீக் ரக்பியில் புலி. அது எங்கள் பக்கத்து ஆட்டம், அணிக்குப் பதின்மூன்று பேர். பணக்காரப் பள்ளிகள் ஆடுவது யூனியன் ரக்பி, பதினைந்து பேர். அப்படி ஒரு பள்ளி அவனைச் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டது. முழங்கால் உடைந்ததும், படிப்பு போதவில்லை என்று நைசாக வெளியே அனுப்பியது. பள்ளிக் கோட்டு மட்டும் இன்னும் அலமாரியில் தொங்குகிறது. நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

இப்போது வாரிக் என்று ஒருவன், வேறொரு பள்ளிக்கு ஆள் பிடிப்பவன், சேமிசியின் லீக் ஆட்டங்களுக்கு வாராவாரம் வந்து ஓரமாக நின்றான். ஞாயிறன்று வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தான். வருகிறவன் எமனே ஆனாலும் சாப்பாடு போட்டாக வேண்டுமே! இலையில் பொதிந்த ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"அந்த ஆள் வந்ததும் வலது கால நொண்டிக்கிட்டே வா. ஏன் எதுக்குன்னு கேக்காத."

சேமிசி ஒரு கணம் நின்றான். பிறகு தலையாட்டினான்.

வாரிக் வந்து உட்கார்ந்து, படிப்பு, ஒழுக்கம், எதிர்காலம் என்று தேனொழுகப் பேசினான். சேமிசி தட்டை ஏந்தி நொண்டியபடி வந்ததும் பேச்சு நின்றது.

"என்ன தம்பி, முட்டியா? ஸ்கேன் எடுத்தாச்சா?"

"சரியாக ரொம்ப நாளாகுமாம்," என்றாள் லோசலின். "அதனாலென்ன, படிக்கிறதுக்கு முட்டி எதுக்கு?"

"அதுக்கில்லீங்கம்மா... ஸ்கூல்ல ஒரு வார்த்தை கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

பாதித் தட்டோடு எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை, பக்கத்து மைதானத்தில் வேறொரு பையனின் அப்பாவிடம் அதே சிரிப்போடு பேசிக்கொண்டிருந்தான். சேமிசிக்கென்று வைத்திருந்த இடம் அந்தப் பையனுக்குப் போனது.

லோசலினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடா? உன் காலத்தான் பாக்க வந்தான், உன்னையில்ல!"

சேமிசி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "அது எனக்கு மொதல்லயே தெரியும்மா. அவங்களுக்கு என் கால் வேணும். எனக்கு அவங்க வாத்தியாருங்க வேணும், லேப் வேணும். ஒரு வருஷம் கிடைச்சாலும் லாபம்னு நெனச்சேன். முட்டியே உடைஞ்சாலும், படிச்சதை அவங்களால திருப்பி வாங்கிக்க முடியுமா?"

ஊரையே துருவித் துருவிக் கேட்டவள், பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்புறம் எதுக்குடா நொண்டின?"

"நீ சொன்னியேம்மா."